பம்புப் பட்டறையிலிருந்து சில பதில்கள்

கோவையில் பம்பு செய்யும் குடும்பத் தொழிலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய பொறியாளர் என்ற முறையில், வாசகர்கள் என்னிடம் கேள்வி கேட்கலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். ஒரு கட்டுக் கடிதங்கள் வந்தன. பாதிக் கடிதங்கள் பம்பைப் பற்றி, மீதி குடும்பத்தைப் பற்றி. என் வாழ்க்கையும் அப்படித்தான் போனது. அதனால் பிரிக்காமல், கையில் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன். அப்பா சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். நீங்களும் பட்டத்தோடு அப்பாவின் பட்டறைக்குப் போனவர்தான். படிப்பு அங்கே உண்மையில் பயன்பட்டதா?
— மாணவர், பல்லடம்

பயன்பட்டது தம்பி. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஓட்டிய விவசாயி. இரண்டு மாடு, ஒரு சால், ஒரு வடம், விடிவதற்கு முன்பிருந்து வெயில் ஏறும்வரை இறைப்பு. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு கோவைப் பக்கத்தின் முகமே மாறியது. மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் வந்தன, பட்டறைக்கு வார்ப்பு கொடுக்கப் பவுண்டரிகள் வந்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இந்த ஊரிலேயே செய்து காட்டினார்கள். அந்தக் காற்றில் வளர்ந்தவர் என் அப்பா. மில் பட்டறையில் டர்னர் வேலை கற்றுக்கொண்டு, 1950-களில் ஆவாரம்பாளையத்தில் ஒரு பழைய லேத்தைப் போட்டு, ஆயில் இன்ஜினும் பம்பும் பழுது பார்க்க ஆரம்பித்தார். பழுது பார்க்கிறவருக்குத்தான் பம்பு எங்கே தேயும், எங்கே உடையும் என்று தெரியும். சில ஆண்டுகளில் சொந்தமாகவே பம்பு வார்த்துச் செய்யத் தொடங்கினார்.

நான் 1974-ல் பட்டறைக்குள் வந்தபோது அங்கே வரைபடம் என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது. எல்லா அளவும் மூன்று பேர் கையில் இருந்தது: அப்பா, வார்ப்புக்கான மர மாதிரியை, அதாவது பேட்டர்னை, செய்யும் ஆசாரி, மணலில் அச்சுப் பிடிக்கும் தலைமை மோல்டர். மூவரில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் புது வேலை நின்றுவிடும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் மரப் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும், லேத்தில் கடைந்து எடுக்கப் போகும் கனத்தையும் அதன்மேல் சேர்க்க வேண்டும். கல்லூரியில் இதைச் சூத்திரமாகப் படித்துவிட்டு வந்திருந்தேன். ஆசாரியோ அதை ஏற்கெனவே சேர்த்துப் பிரித்த ஓர் இரும்பு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கே போடாமல் செய்துகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேட்டர்னுக்கும் படம் வரைந்ததுதான் என் முதல் வேலை. படம் வந்த பிறகு, ஒரு வார்ப்பு பிசகினால் யார் மேல் தப்பு என்று கத்திக்கொண்டிருந்த நேரம் மிச்சமானது. படத்தை விரித்து அளந்து பார்த்தால் போதும்.

இரண்டாவது வேலை, டெஸ்ட் பெஞ்ச். அப்பா பம்பைச் சோதிக்கிற முறை வேறு. ஓடவிட்டு, குழாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம் பீய்ச்சுகிறது என்று பார்ப்பார், மோட்டார் மேல் கை வைத்துச் சூடு பார்ப்பார், பேரிங் சத்தம் கேட்பார். அது பெரிய திறமை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. நான் ஒரு தொட்டி கட்டி, அழுத்தமானியும் வாட்மீட்டரும் வைத்தேன். கணக்கு எளிது. விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால், தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த சக்தி ஏறக்குறைய 1,470 வாட். அதற்கு மோட்டார் இழுத்த மின்சாரம் 3,500 வாட் என்றால், கொடுத்ததில் 42 சதவீதம்தான் தண்ணீருக்குப் போயிருக்கிறது, மீதி சூடாகவும் உராய்வாகவும் போய்விட்டது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் உள்வழியை ஏன் வழவழப்பாக்க வேண்டும், இடைவெளியை ஏன் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் பட்டறையில் எல்லோருக்கும் விளங்கியது. முதலில் தொட்டியை வீண் செலவு என்று சொன்ன அப்பா, பிறகு வாடிக்கையாளர்களை நேரே அந்தத் தொட்டியிடம்தான் கூட்டிக்கொண்டு போவார்.

நீங்கள் அப்பாவின் பட்டறைக்குப் போவதாக இருந்தால், முதலில் எதையும் மாற்ற வேண்டாம். அங்கே நடப்பதை அளந்து எழுதுங்கள். மாற்ற வேண்டியது எது என்று அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பாதி ஆழத்தில் ஒரு கல் மேடை இருக்கிறது. அதில் துருப்பிடித்த மோட்டார் ஒன்று இன்னும் கிடக்கிறது. மேலே வைக்காமல் அவ்வளவு கீழே ஏன் வைத்தார்கள்?
— விவசாயி, அவிநாசி

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதிக்கு ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். எங்கள் தொழிலின் முழு வரலாறும் அந்த மேடையில் இருக்கிறது.

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. கடல் மட்டத்தில் காற்றால் தண்ணீரை ஏறக்குறைய 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ள முடியும். கோவை கடலுக்கு மேலே 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே இன்னும் கொஞ்சம் குறைவு. குழாய் உராய்வு, குழாயின் அடியில் உள்ள புட்வால்வு எல்லாம் போக, நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. எத்தனை எச்பி மோட்டார் போட்டாலும் இது மாறாது. தண்ணீர் அதற்குக் கீழே போனால், பம்பும் பின்னாலேயே கீழே போக வேண்டும். உங்கள் தாத்தா காலத்தில் தண்ணீர் இருந்த மட்டத்துக்கு 6, 7 மீட்டர் மேலே அந்த மேடையைக் கட்டியிருப்பார்கள்.

கிணற்றுக்குள் மோட்டார் வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து ஊற்று ஏறினால், ராத்திரியோடு ராத்திரியாகச் செயின் பிளாக் கட்டி மோட்டாரை மேலே தூக்க வேண்டும். தூக்கத் தவறினால் முங்கிவிடும். மழைக்காலம் முடியும்போது எங்கள் பட்டறை வாசலில் முங்கிய மோட்டார்கள் வரிசையாக நிற்கும். காய வைத்து, வார்னிஷ் அடித்து, தேறாததற்குப் புது வைண்டிங், அதாவது கம்பிச் சுற்று, போட்டுக் கொடுப்போம்.

அப்புறம் கிணறு வற்றி, ஆழ்குழாய்க் கிணறு வந்தது. நாலங்குலம், ஆறங்குலத் துளைக்குள், மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கும் மோனோபிளாக்கை எப்படி இறக்குவது? சிலர் கம்ப்ரஸர் வைத்துக் காற்றை உள்ளே விட்டுத் தண்ணீரைத் தள்ளினார்கள். அதில் செலவான மின்சாரத்துக்கு ஏறிய தண்ணீர் மிகக் குறைவு. நீர்மூழ்கிப் பம்புதான் சரியான வழி. மோட்டார் அடியில், பம்பு அதன் தலையில். துளைக்குள் போக வேண்டும் என்பதால் மோட்டாரை ஒல்லியாக, நீளமாகச் செய்கிறோம். இம்பெல்லரின் விட்டம் சிறியதாகிவிடுவதால் ஒன்று போதாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து, இருபது என்று அடுக்குகிறோம், ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் உயரம் சேர்த்துக் கொடுக்கும். மோட்டாருக்குள் தண்ணீரே நிரம்பியிருக்கும், அதனால் வைண்டிங் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை. மேலிருந்து அழுத்தும் பாரம் முழுவதையும் அடியில் ஒரு சிறிய த்ரஸ்ட் பேரிங் தாங்கிக்கொள்ளும், அதற்கு எண்ணெயும் தண்ணீர்தான். இதை முதன்முதலில் பிரித்துப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அவ்வளவு அழகான இயந்திரம்.

எங்கள் பட்டறை 1980-களில் அதற்கு மாறியது. அப்பாவுக்கு மனமில்லை. "கிணத்துல தண்ணி இருக்கிற வரைக்கும் மோனோபிளாக் போகும்" என்றார். தண்ணீர் இருக்காது என்பதுதான் என் பயம். ஊர் ஊராகப் போய், எங்கள் பம்பு வாங்கியவர்களின் கிணற்றில் கோடைக்கால நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, அந்தப் பட்டியலை அப்பாவின் மேசையில் வைத்தேன். அடுத்த வாரம் வங்கிக்கு என்னோடு வந்து கையெழுத்துப் போட்டார்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. தண்ணீர் கீழே போகப் போக எங்கள் விற்பனை கூடியது. நாங்கள் செய்த இயந்திரமே நிலத்தடி நீரை இன்னும் ஆழத்துக்குத் துரத்தியதில் பங்கு கொண்டது. இதை எந்தப் பம்புக்காரரும் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் தோட்டத்தில் மழைநீர் கிணற்றுக்குள் இறங்க ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் ஐயா. அந்தப் பழைய கிணற்றை மூடிவிட வேண்டாம்.

ஒரே 5 எச்பி பம்பு. ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் ஏறக்குறைய பாதி விலை. என்ன வித்தியாசம்?
— வாசகர், உடுமலைப்பேட்டை

செம்பும், மோட்டாருக்குள் அடுக்கும் மெல்லிய இரும்புத் தகடுகளான ஸ்டாம்பிங்கும்தான். மோட்டாரின் விலையில் பெரும்பங்கு இவை இரண்டும். கம்பியை ஒரு கேஜ் மெலிதாக்கினால், அல்லது செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றினால், ஸ்டாம்பிங் அடுக்கின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்தால், வெளியே ஒன்றும் தெரியாது. பெயிண்டும் அதே, பெயர்ப்பலகையும் அதே. மோட்டார் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் எரியும், எரியும்வரை மின்சாரத்தைத் தின்னும்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, அதோடு தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். நீர்மூழ்கிப் பம்புக்கு ஐஎஸ் 8034, மோனோபிளாக்குக்கு ஐஎஸ் 9079.

இதைவிட முக்கியம், உயரம். "5 எச்பி கொடுங்க" என்று கேட்டு வாங்குவது பெரிய இழப்பு. கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, அங்கிருந்து வயலுக்கோ தொட்டிக்கோ எத்தனை அடி ஏற வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த உயரத்துக்கான பம்பைக் கேளுங்கள். 100 மீட்டருக்குச் செய்த பம்பை 40 மீட்டரில் ஓட்டினால் தண்ணீர் அதிகம் கொட்டும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் தண்ணீர் கூடக் கூட மோட்டாரின் சுமையும் கூடும், ஆம்பியர் எல்லை தாண்டும். நல்ல பம்பே இப்படிப் பொருந்தாத இடத்தில் எரிந்து, கெட்ட பெயர் வாங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இலவச மின்சாரம் உங்கள் தொழிலுக்கு நல்லது செய்ததா, கெடுதல் செய்ததா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபிச்செட்டிபாளையம்

1990-ல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. விவசாயியின் பேரன் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். இன்று நிற்கிற எத்தனையோ தென்னையும் வாழையும் அதனால்தான் நிற்கின்றன.

பம்பு செய்கிற பொறியாளருக்கு மட்டும் அது ஒரு சோதனை. அதுவரை "கரண்ட் எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டு வாங்கியவர்கள், அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார்கள். எரியாமல் ஓட வேண்டும், தண்ணீர் நிறைய வர வேண்டும், விலை குறைய வேண்டும், அவ்வளவுதான். இணைப்பு எச்பி கணக்கில் கிடைப்பதால், பெயர்ப்பலகையில் 5 என்று அடித்து உள்ளே 7.5-க்கு வைண்டிங் போட்டுத் தரச் சொல்லி விற்பனையாளர்கள் கேட்பார்கள். நாங்கள் செய்ய மறுத்தோம். அதனால் சில விற்பனையாளர்கள் எங்களை விட்டே போனார்கள், அண்ணனுக்கும் எனக்கும் வீட்டில் பேச்சு நின்ற நாட்கள் உண்டு. எங்கள் குடும்பத்தின் பெயர் அந்தத் தகட்டில் இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு பொய் எண்ணை அடிக்க எனக்குக் கை வரவில்லை. இப்போது கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

என் கணவரும் கொழுந்தன்மார் இருவரும் சேர்ந்து தொழில் செய்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று கணக்கே இல்லை. வேண்டும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறாய் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கணக்குக் கேட்பவர் குடும்பத்தைப் பிரிப்பதில்லை. பிரிந்த பங்காளிகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். கணக்குத் தெளிவாக இருந்ததால் பிரிந்த வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் இதைச் சரிசெய்தவர் என் அம்மா. எட்டாவது வரை படித்தவர். பட்டறை வளர்ந்த காலத்தில் சனிக்கிழமைச் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுப்பது அவர்தான். நானும் அண்ணனும் பட்டறைக்குள் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை, தொழிலாளிகளின் உறைகளோடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் ஓர் உறை வைத்தார். "இனி உங்களுக்கும் இதுதான். கல்லாவுல கை வைக்கிறவனுக்குச் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணிக்கும் என் மனைவிக்கும் வீட்டுச் செலவுக்குத் தனியாக, ஒரே அளவில் பணம் கொடுத்தார். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் அவரவர் சம்பளத்திலிருந்தும் லாபப் பங்கிலிருந்தும்தான். பட்டறைக் காசு பட்டறைக்கே.

அடுத்து, வேலைப் பிரிவினை. அண்ணனுக்கு மனிதர்களைப் பிடிக்கும். விற்பனை, விற்பனையாளர், வங்கி எல்லாம் அவர். வார்ப்பு, லேத், வைண்டிங், சோதனை எல்லாம் நான். என் பக்கத்தில் அவர் ஆள் வைக்க மாட்டார், அவர் பக்கத்தில் நான் விலை பேச மாட்டேன். இரண்டு பக்கமும் உரசுகிற இடம் ஒன்று உண்டு. பம்பு திரும்பி வந்தால் யார் தப்பு? விற்றவர் உயரம் பார்க்காமல் விற்றாரா, செய்தவர் சரியாகச் செய்யவில்லையா? திரும்பி வந்த பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுவோம். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது சோதனைப் பிரிவுத் தொழிலாளி. குடும்பத்தில் யாரும் அந்தப் பதிவேட்டில் எழுதக் கூடாது. அவர் எழுதியதை அண்ணனும் ஏற்றுக்கொள்வார், நானும் ஏற்றுக்கொள்வேன். அந்த ஒரு ஏற்பாடு எங்களை எத்தனை சண்டையிலிருந்து காப்பாற்றியது என்று சொல்லி முடியாது.

உங்கள் வீட்டில் பங்குதாரர் பத்திரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆடிட்டர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, மூவருக்கும் மாதச் சம்பளம், லாபப் பங்கு, ஒருவர் விலகினால் எப்படிக் கணக்கு முடிப்பது என்பதை எழுத வையுங்கள். இதை நீங்கள் ஒருவராகக் கேட்பதைவிட, கொழுந்தன்மாரின் மனைவிமாரும் சேர்ந்து கேட்பது நல்லது. அவர்களுக்கும் இதே கவலை இருக்கும். உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. கெட்ட பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கணபதியில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். நான் பில் கொடுத்து நான்கு மாதமானாலும் பெரிய கம்பெனிகள் பணம் தருவதில்லை. கேட்டால் ஆர்டரே வராதோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், கோவை

அந்தப் பயம் எனக்கும் இருந்தது தம்பி. எங்களிடம் நிறைய வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் இப்படித்தான் இழுத்தடித்தார். ஒரு கட்டத்தில் அவருக்காக வாங்கிய செம்புக்கு நாங்கள் வட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. புகார் செய்ய மாநில வசதியாக்கக் குழு இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. இந்தக் காலக்கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் கொடுக்கும்வரை, வாங்கியவர் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார். இதற்கெல்லாம் உங்களிடம் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

சட்டத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். ஒரே வாடிக்கையாளர் உங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள். நாங்கள் அந்தப் பெரிய வாடிக்கையாளரின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சிறிய ஊர் விற்பனையாளர்களைச் சேர்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினோம்.

படிக்காத தொழிலாளியிடம் நீங்கள் கற்ற ஒரு விஷயம்?
— வாசகர், திண்டுக்கல்

மணல். எங்கள் தலைமை மோல்டர் ஒரு பிடி மணலை எடுத்து இறுக்கி, இரண்டாக ஒடித்துப் பார்ப்பார். விரல் தடம் தெளிவாகப் பதிந்து, ஒடித்த இடம் உதிராமல் கூர்மையாக நின்றால் மணல் சரி. கையில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் அதிகம். உருகிய இரும்பு 1,300 டிகிரிக்கு மேல் சூட்டில் உள்ளே போகும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் குமிழாக நின்றுவிடும். லேத்தில் கடையும்போதுதான் ஓட்டை தெரியும், அதுவரை செய்த வேலை எல்லாம் போச்சு. பிறகு நாங்கள் ஈரம் அளக்கும் கருவி வாங்கினோம். அவர் கை சரி என்று சொன்ன மணலைக் கருவியும் சரி என்றே சொல்லும். அந்தக் கருவியின் எண்களை அவரே புதிய பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வார்ப்பைச் சுத்தியலால் தட்டி, ஒலி கணீரென்று வருகிறதா, மந்தமாக வருகிறதா என்று கேட்டு விரிசலைக் கண்டுபிடிக்கவும் அவரிடம்தான் கற்றேன்.

மின்வெட்டுக் காலத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?
— வாசகர், அம்பத்தூர்

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் மிகவும் கஷ்டம், 2012 உச்சம். லேத்தை நிறுத்தினால் மின்சாரம் வந்ததும் தொடரலாம். மின்உலையில் இரும்பு பாதி உருகி நிற்கும்போது மின்சாரம் போனால், உறைந்துபோன இரும்பை உலையிலிருந்து எடுப்பதே பெரிய பாடு, உள்பூச்சும் கெடும். அதனால் உருக்குவதை இரவுக்கு மாற்றினோம். மோல்டிங் பகலில், கையால். டீசல் ஜெனரேட்டரில் ஓட்டிய நாட்களில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஆள் குறைப்பு மட்டும் செய்யவில்லை. ஒரு நல்ல மோல்டரை அனுப்பிவிட்டால் திரும்ப வர மாட்டார்.

அப்பாவுக்கு மோட்டார் பட்டறை இருக்கிறது. நான் எலக்ட்ரிக்கல் படித்திருக்கிறேன். அப்பா தொழிலைப் பெரியப்பா மகனிடம் கொடுக்க நினைக்கிறார். உங்களுக்கு மகள் இருந்தால் கொடுத்திருப்பீர்களா?
— வாசகி, பொள்ளாச்சி

இருக்கிறாள் அம்மா. இன்று எங்கள் பட்டறையை நடத்துவது அவள்தான், அண்ணன் மகனோடு சேர்ந்து. அவன் அவனுடைய அப்பாவைப் போல விற்பனைப் பக்கம்.

அவள் கேட்டபோது மூன்று நிபந்தனை வைத்தேன், அண்ணன் மகனுக்கும் அதே மூன்றுதான். முதலில் இரண்டு ஆண்டு வெளியே, நம் பெயர் தெரியாத இடத்தில் வேலை. பிறகு ஓர் ஆண்டு பட்டறையில், வைண்டிங் பிரிவிலிருந்து சோதனை வரைக்கும், எல்லோரையும் போலச் சம்பள உறை வாங்கிக்கொண்டு. மூன்றாவது, வங்கிக் கடனுக்கு அவளும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றையும் செய்தாள். சோதனைப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றியது அவள். திரும்பி வந்த பம்புகளின் பழைய பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, எந்த ஊரில் எந்த மாடல் ஏன் எரிகிறது என்று படம் போட்டுக் காட்டினாள். குறை பாதிக்கு மேல் மின்அழுத்தத்தில் இருந்தது. குறைந்த அழுத்தம் தாங்கும் வைண்டிங்கை அவள் வடிவமைத்தாள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை உண்டு. தமிழ்நாட்டில் மணமாகாத மகள்களுக்கு 1989-லேயே வந்தது, 2005-ல் நாடு முழுதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. ஆனால் அப்பா சுயமாகச் சம்பாதித்த பட்டறையை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் விருப்பம். ஆகவே சட்டத்தை முன்னால் வைத்துப் பேச வேண்டாம். நாளைக்கே பட்டறைக்குப் போய் எரிந்த மோட்டார் ஒன்றை வாங்கி, ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்து எழுதி அவரிடம் கொடுங்கள். மாதக்கணக்கில் இதைச் செய்யுங்கள். தொழில் தெரிந்த அப்பாவுக்கு, அந்தக் காகிதத்தில் இருப்பது யாருடைய வேலை என்று தெரியும்.

உங்கள் அப்பா இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் பொண்ணு உங்கள் தொழிலைக் கேட்கிறது. எத்தனையோ பட்டறைகள் கேட்க ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. கொடுத்துப் பாருங்கள்.

போர்வெல் மோட்டார் ஒரே ஆண்டில் மூன்று முறை எரிந்துவிட்டது. மூன்று முறையும் ரீவைண்டிங் செய்தாயிற்று. பம்பு சரியில்லையா?
— விவசாயி, தாராபுரம்

மூன்று முறையும் சுற்றிக் கொடுத்தவர், ஏன் எரிந்தது என்று பார்த்தாரா? பார்க்காமல் சுற்றினால் நான்காவது முறையும் எரியும்.

பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். மின்சாரம் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்று போய்விட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மற்ற இரண்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் மின்சாரம் இழுத்துச் சூடாகி எரியும். இதற்குத் தடுப்புக் கருவி பேனலில் இருக்கிறதா, அதை யாராவது நேர்வழி போட்டு விட்டார்களா என்று பாருங்கள். மூன்று பேஸ் இல்லாத நேரத்தில் கண்டென்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுகிறீர்களா? அதை இன்றே நிறுத்துங்கள். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 320, 330 வந்தால் அதுவும் எரிக்கும். ஆழம் கூடிக் கேபிள் நீண்டிருந்தால், பழைய மெல்லிய கேபிளிலேயே கொஞ்சம் வோல்ட் போய்விடும். தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் குளிர்ச்சியும் இல்லை, த்ரஸ்ட் பேரிங்குக்கு மசகும் இல்லை.

கழற்றிய வைண்டிங்கை எடுத்து வைத்திருந்தால் அதுவே பாதி சொல்லிவிடும். மூன்றில் இரண்டு பேஸ் கருகி ஒன்று மட்டும் புதிதாக இருந்தாலும், ஒன்று மட்டும் கருகி மற்ற இரண்டும் புதிதாக இருந்தாலும் பேஸ் போனதுதான் காரணம். மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் சுமை அல்லது குறைந்த அழுத்தம்.

உங்கள் கடிதத்தில் அளவு எதுவும் இல்லை. மோட்டார் ஓடும்போது மூன்று பேஸுக்கும் இடையே வோல்ட், ஒவ்வொன்றிலும் ஆம்பியர், தண்ணீர் நிற்கும் ஆழம், பம்பு இறக்கிய ஆழம், கேபிளின் நீளமும் கனமும், பெயர்ப்பலகையில் உள்ள எண்கள், இவ்வளவையும் எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன். அதுவரை நான்காவது முறை சுற்றக் கொடுக்க வேண்டாம்.